இரதக் காவடியின் சக்கரம்

தைப்பூச நாளன்று சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் திரளும் மக்களின் பார்வை காவடியின் மேற்பகுதியிலேயே நிலைத்துவிடுகிறது. மயிற்பீலியும் மலர்ச்சரமும் அலகும் வேலும் கண்ணைப் பறிக்கும்போது, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திற்குள் நடப்பதை நோக்குவார் அரியர். ஆயினும் காவடி வகைகளுள் ஒன்று எளிதாகச் செல்வதும் இடர்ப்படுவதும் அந்த ஒரு சாண் உயரத்திற்குள்ளேயே தீர்மானிக்கப்படுகின்றன. அதுவே இரதக் காவடி.

ஒரு பலகை மேடை; அதன்மேல் முருகப்பெருமானின் திருவுருவம் அமைந்த சிறு பீடம்; அடியில் நான்கு சக்கரங்கள்; முன்புறத்திலிருந்து புறப்படும் கயிறுகள். அக்கயிறுகளின் மறுமுனை நேர்த்திக்கடன் செலுத்துவோனின் முதுகுத் தோலில் குத்தப்பட்ட கொக்கிகளில் முடிகின்றது. 1855ஆம் ஆண்டில் தோன்றிய சீனிவாசப் பெருமாள் ஆலயத்தினின்று புறப்பட்டு, சிராங்கூன் சாலை, சிலிகி சாலை வட்டாரங்களைக் கடந்து, நகரத்தார் 1859இல் நிறுவிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்தைச் சென்றடையும் வரை, மூன்று நான்கு கிலோமீட்டர் தொலைவுக்கு அம்மேடையை ஒருவன் தன் உடலால் இழுத்துச் செல்கிறான்.

தைப்பூசத்திற்கு முந்திய நாளில் நகரத்தாரின் வெள்ளி இரதம் டேங்க் ரோட்டிலிருந்து கியோங் சைக் சாலையிலுள்ள லயன் சித்தி விநாயகர் ஆலயத்திற்கு எழுந்தருளுகிறது. அது கைதேர்ந்த தச்சரும் கொல்லரும் சமைத்த பெருந்தேர். இரதக் காவடியோ பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளும் நண்பர்களும் கூடிச் செய்வது. 1968இல் தைப்பூசம் சிங்கப்பூரின் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கியதனால், வேலை முடிந்த மாலை வேளைகளும் வார இறுதிகளுமே இதற்கு வாய்க்கின்றன. பலகையை அறுக்கலாம், சட்டத்தைப் பற்றவைக்கலாம், பீடத்திற்கு வண்ணம் தீட்டலாம். சக்கரத்தை மட்டும் கடையில்தான் வாங்கவேண்டும். அங்கே தட்டு நிறைய அடுக்கியிருப்பவற்றுள் எதை எடுப்பது? வன்மையானதையா, மென்மையானதையா? பெரியதையா, சிறியதையா? கிடங்கில் சரக்கு நகர்த்தும் மேடைக்குச் சக்கரம் வாங்குபவனுக்கு இவ்வினா சில வெள்ளிப் பணத்தோடு முடிந்துவிடும். இரதக் காவடிக்கு வாங்குபவனுக்கு அது ஒரு மனிதனின் முதுகைப் பற்றிய வினா.

சாலையில் உருளும் எச்சக்கரமும் ஓர் அதிர்ச்சியைப் பிறப்பிக்கின்றது. அவ்வதிர்ச்சியை யாரேனும் ஏற்றே ஆகவேண்டும். சாலை ஏற்கலாம், சுமை ஏற்கலாம், சக்கரமே ஏற்கலாம், அன்றி இழுப்பவன் ஏற்கலாம். சிராங்கூன் சாலையில் கடந்த இருநூறு ஆண்டுகளாக உருண்ட சக்கரங்களின் வரலாறு, இந்த அதிர்ச்சி ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்கு மாறிய வரலாறேயாகும்.

முதலில் வந்தது மாட்டுவண்டி. 1825இல் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். 1873இல் அம்முறை முடிவுறும் வரை, சதுப்பைத் தூர்த்துச் செம்மண்ணும் கல்லும் பரப்பிச் சாலைகள் அமைத்ததில் அவர்தம் உழைப்பே பெரும்பங்கு. சிராங்கூன் சாலையை அடுத்த வட்டாரத்திற்குச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று தமிழர் பெயரிட்டிருந்தனர். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையால் வந்த பெயர் அது. ரோச்சோர் ஆற்றையொட்டிய ஈரநிலமும் புல்லும் கால்நடைக்கு உகந்தனவாக இருந்தன. மாட்டு வாணிகம் அங்கே தழைத்தது. எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயரும், கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை என்ற தெருப் பெயர்களும் அக்காலத்தின் எச்சங்கள். கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வணிகர் பெலிலியோஸின் பெயரும் ஒரு சாலையில் நிலைபெற்றுவிட்டது. மாடு உண்டென்றால் வண்டியும் உண்டு. சீனர் நகருக்குக் 'கிரேத்தா ஆயர்', அதாவது தண்ணீர் வண்டி, என மலாய்க்காரர் இட்ட பெயரும் மாட்டுவண்டியின் கொடையே.

அவ்வண்டிச் சக்கரத்தின் அமைப்பைத் தமிழ்ச் சிற்றூர்களில் வளர்ந்தோர் நன்கறிவர். நடுவில் குடம், குடத்தினின்று புறப்படும் ஆரக்கால்கள், அவற்றைத் தழுவி நிற்கும் வட்டை, வட்டையின்மேல் இரும்புப் பட்டை. வட்டையின் சுற்றளவினும் சற்றே குறுகலாகப் பட்டையை அடித்து வளையமாக்குவர். நெருப்பிலிட்டுச் செந்நிறமாகக் காய்ச்ச அது விரியும். இருவர் மூவர் குறடுகளால் பற்றி வட்டையின்மேல் இறக்கி, உடனே தண்ணீரை வாரி இறைப்பர். மரம் புகைந்து முனகும், இரும்பு சுருங்கும், குடமும் ஆரக்காலும் வட்டையும் ஒரே உடலாக இறுகிவிடும். ஆணி சிலவே போதும். மிகைச்சுமையால் அச்சு முறிவதையும், பெருந்தேருக்கு அச்சாணியின் இன்றியமையாமையையும் வள்ளுவர் தனித்தனிக் குறள்களில் உவமையாக்கினார். பட்டையைப் பற்றி அவர் பேசவில்லை. பேசியிருந்தால் அதுவும் ஒரு நல்ல உவமையாகியிருக்கும்.

இரும்புப் பட்டை சிறிதும் நெகிழாதது. கல்மேல் ஏறினால் கல் நொறுங்கும். இல்லையேல் வண்டி குதிக்கும். அக்காலச் சாலைகள் இதற்கேற்பவே அமைக்கப்பட்டன. உடைகல் பரப்பிய சாலையில் இரும்புச் சக்கரங்கள் ஓட ஓடக் கல் தூளாகி இடுக்குகளை நிரப்பி இறுகும். ஆக அதிர்ச்சியின் பெரும்பகுதியைச் சாலை ஏற்றது. எஞ்சியதை மாட்டின் பிடரி ஏற்றது. வண்டிக்காரனோ வைக்கோல்மேல் அமர்ந்திருந்தான்.

ஆயினும் அச்சக்கரத்திற்கு ஓர் அருமையான பண்பு இருந்தது. அது பெரியது. ஆள்மார்பளவு உயர்ந்து நின்ற சக்கரத்திற்குச் சிறு கல் ஒரு பொருட்டன்று. இதன் பொருள், இரதக் காவடியின் அடியில் குனிந்து பார்க்கும்போது தெளிவாகும்.

அடுத்து வந்தது ரிக்‌ஷா. 1880இல் ஷாங்ஹாயிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த இவ்வண்டியில் மாட்டின் இடத்தில் மனிதன் நின்றான். பெரும்பாலும் சீனத்திலிருந்து வறுமையால் வந்த இளைஞர்களே அதனை இழுத்தனர். தஞ்சோங் பகாரும் நீல் சாலையும் கூடும் முனையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஜின்ரிக்‌ஷா நிலையம் இன்றும் நிற்கிறது. தொடக்கத்தில் ரிக்‌ஷாவின் சக்கரமும் இரும்புப் பட்டை கட்டிய மரச்சக்கரமே. அதன் அதிர்ச்சி, வண்டிக்கோலின் வழியே இழுப்பவனின் மணிக்கட்டிலும் தோளிலும் சென்று இறங்கியது. பின்னர் ரப்பர்ப் பட்டை வந்தது. பட்டை மாறியதற்குக் காரணம் இழுப்பவன்மேல் பிறந்த இரக்கமன்று, ஏறியிருப்பவரின் சுகமே. எனினும் ஏறியவருக்காக வந்த மென்மையில் இழுத்தவனுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. 1947இல் ரிக்‌ஷா தடை செய்யப்பட்டு, மிதித்தோட்டும் திரிஷா அதன் இடத்தைப் பிடித்தது.

இதற்கிடையே, சக்கரமும் இரும்பு, பாதையும் இரும்பு என அமைந்த டிராம் வண்டியும் நகரில் ஓடிற்று. 1886 முதல் 1894 வரை நீராவியாலும், 1905 முதல் 1927 வரை மின்சாரத்தாலும் அது இயங்கியது. மின்வண்டிகளின் பணிமனை மெக்கன்சி சாலையில், தேக்காவிற்கு நடந்துசெல்லும் தொலைவில் இருந்தது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது ஆயிரம் கிலோ எடையைச் சமதளத்தில் நகர்த்த ஒன்றிரண்டு கிலோ விசை போதும். தார்ச்சாலையில் காற்றடைத்த மோட்டார்ச் சக்கரத்திற்கோ பத்துப் பதினைந்து கிலோ வேண்டும். அவ்வாறாயின், வன்மையான சக்கரமே இழுப்பதற்கு எளிது என்றல்லவா முடிவு கட்டவேண்டும்? பாதை கண்ணாடிபோல் இருக்குமாயின் ஆம். சாலை அவ்வாறு இருப்பதில்லை. இவ்விடத்தில்தான் பலரும் பிழை செய்கின்றனர்.

இப்பிழையைத் தெளிவித்தவர் பொறியியலாளரல்லர். ஒரு கால்நடை மருத்துவர். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்ட் டன்லப் என்பவரின் மகன் மூன்று சக்கரச் சிறுவண்டியை மேடுபள்ளமான தெருவில் ஓட்டித் தொல்லைப்பட்டான். தந்தை ஒரு மரவட்டத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர்க் குழாயைப் பொருத்தி, துணி சுற்றிக் காற்றடைத்தார். அதனையும் வண்டியின் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டுப் பார்த்தார். காற்றடைத்த சக்கரமே நெடுந்தொலைவு ஓடியது. வன்மையான சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி முழுவதையும் சிறிது தூக்குகிறது. தூக்கியதில் செலவான விசை திரும்பி வருவதில்லை. மென்மையான சக்கரம் மேட்டைத் தன்னுள் விழுங்கிக்கொண்டு மேலேயுள்ள சுமையை அசையாமல் விடுகிறது. 1888இல் டன்லப் காப்புரிமை பெற்றார். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே இதே கருத்துக்கு உரிமை பெற்றிருந்தமை பின்னர் வெளிப்பட்டு, டன்லப்பின் உரிமை செல்லாதாயிற்று. தாம்சனின் காலத்தில் மிதிவண்டி பரவவில்லை. ரப்பரும் மலிவாக இல்லை. முந்திப் பிறந்த கருத்துகளுக்கு நேரும் கதி அதற்கும் நேர்ந்தது.

டன்லப் உரிமை பெற்ற அதே 1888இல் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அத்தோட்டத்தில் அப்போது சில ரப்பர் மரங்கள் நின்றன. 1876இல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளுள் 22, 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவற்றின் வழித்தோன்றல்கள் அவை. மரத்தைக் கொல்லாமல், பட்டையில் சாய்வாகக் கீறி, மீண்டும் மீண்டும் பாலெடுக்கும் முறையை ரிட்லி 1890களில் வகுத்தார். காபித் தோட்டக்காரர்களிடம் ரப்பர் விதைகளைக் கொடுத்து நடச் சொல்லி அவர் நச்சரித்ததனால் 'பித்தர் ரிட்லி' என்று பட்டம் பெற்றார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் முதல் தோட்டத்தை எழுப்பினார். பிறகு மோட்டார் வண்டி வந்தது. அதனோடு ரப்பரின் காலமும் வந்தது. ரிட்லி நூறு வயது வரை வாழ்ந்து, 1956இல் மறைந்தார்.

டன்லப் சக்கரத்தை மென்மையாக்கினார். ரிட்லி மரத்தை வசப்படுத்தினார். ஆனால் விடியுமுன் எழுந்து பால்மரக் காட்டிற்குள் நடந்து கத்தியால் பட்டையைச் சீவியவர் யார்? தமிழ்நாட்டின் சேலத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் தென்னார்க்காட்டிலிருந்தும் கங்காணிகளின் வழி வந்த ஆணும் பெண்ணும் அல்லரோ? 1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. கங்காணி முறை 1938இல் இந்திய அரசின் தடையோடு ஓய்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மலாயாவின் ரப்பர் பெருகிச் சிங்கப்பூர்த் துறைமுகத்திற்கு வந்து குவிந்தது. 1911 முதல் சிங்கப்பூரிலேயே ரப்பர் ஏலம் நடந்தது. உலகத்தின் வண்டிச் சக்கரங்கள் மென்மையடைந்தன. அதிர்ச்சி தோட்டத்து லயத்திற்கு இடம்பெயர்ந்தது. இந்தத் தொடர்பை எவரும் உரக்கச் சொல்லாவிட்டாலும், தேக்காவின் இரும்புக் கடையில் ஒரு ரப்பர்ச் சக்கரத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் இளைஞனின் பாட்டி அதே ரப்பரின் பாலைச் சுமந்தவளாக இருக்கக்கூடும்.

இனிக் காவடிக்கு வருவோர், தமிழகத்துத் தேரை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். திருவாரூர் ஆழித்தேரின் உயரம் ஏறத்தாழ 96 அடி. எடை ஏறத்தாழ 300 டன். அதனை அசைக்க ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கின்றனர். அதன் சக்கரங்களில் மென்மைக்கு இடமே இல்லை. பழைய மரச்சக்கரங்களுக்கு ஈடாக இரும்புச் சக்கரங்களையும் அச்சையும் விசைத்தடையையும் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் பின்னாளில் செய்து கொடுத்தது. அதற்கு முன்னர்த் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் இருந்த கருவி முட்டுக்கட்டை ஒன்றே. உருளும் சக்கரத்தின் அடியில் ஓடி ஓடிக் கட்டையைச் செலுத்துவோரின் உயிர் ஒவ்வொரு தெருத்திருப்பத்திலும் ஊசலாடியது. ஆனால் பெருந்தேரின் அதிர்ச்சி ஆயிரம் கைகளுக்கும் ஒரு நெடுவடத்திற்கும் பங்காகிவிடும். இரதக் காவடியில் வடம் பிடிப்பவன் ஒருவன். அவனிடம் வடம் கையில் இல்லை.

ஆகவே தேருக்கு ஏற்ற அறிவு இங்கே உதவாது. கணக்கொன்று இதனை விளக்கும். மேடையும் பீடமும் சேர்ந்து 100 கிலோ எனக் கொள்க. முன் சக்கரங்கள் இரண்டின்மேல் 50 கிலோ விழும். சாலையில் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள விளிம்பொன்று குறுக்கிடுகிறது. சாக்கடை மூடியின் ஓரமாகவோ, தார் ஒட்டுப்போட்ட இடத்தின் மேடாகவோ இருக்கலாம். நின்ற நிலையிலிருந்து, அச்சின் உயரத்தில் நேராக இழுத்து, நெகிழாத சக்கரத்தை அவ்விளிம்பின்மேல் ஏற்றவேண்டுமாயின், சக்கரத்தின் குறுக்களவு 10 சென்டிமீட்டரானால் ஏறத்தாழ 38 கிலோ விசை தேவை. குறுக்களவு 50 சென்டிமீட்டரானால் 15 கிலோ போதும். பழைய மாட்டுவண்டிச் சக்கரம்போல் 150 சென்டிமீட்டரானால் ஏறத்தாழ எட்டுக் கிலோவே போதும். அதே சுமை, அதே விளிம்பு. மாறுவது சக்கரத்தின் அளவு மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும் மேடை தன் வேகத்தால் விளிம்பைத் தாண்டிவிடும் என்று கூறுவாரும் உளர். தாண்டும். ஆனால் தாண்டும் அக்கணத்தில் கயிறு தளர்ந்து, மறுகணத்தில் சுண்டி இழுக்கும். நிதானமான இழுப்பைத் தாங்கும் உடல் சுண்டுதலைத் தாங்குவதில்லை.

எனவே கடையில் கேட்கவேண்டிய முதற்கேள்வி மென்மையைப் பற்றியதன்று, அளவைப் பற்றியது. மேடையின் உயரமும் அகலமும் ஊர்வல விதிகளுக்குள் அடங்கவேண்டும். பீடம் மிக உயர்ந்தால் சாயும். இவ்வெல்லைக்குள் எவ்வளவு பெரிய சக்கரம் பொருந்துமோ அவ்வளவு பெரியதை எடுப்பதே அறிவு. பத்துச் சென்டிமீட்டர் காஸ்டர் சக்கரம் அழகாக மறைந்துகொள்ளும் என்பதற்காக அதனைத் தேர்ந்தெடுப்பது, பீடத்தின் அழகிற்காக முதுகை வருத்துவதாகும்.

அதன் பின்னரே மென்மை. ரப்பர் போன்ற பொருள்களின் மென்மையை அளக்க ஆல்பர்ட் ஷோர் வகுத்த ஓர் அளவுகோல் உண்டு. முனையொன்றை அழுத்தி, அது எவ்வளவு உள்ளே புகுகிறது எனக் காண்பது அதன் முறை. எண் குறையக் குறைய மென்மை மிகும். மோட்டார்ச் சக்கரத்தின் ரப்பர் 60, 70 அளவில் நிற்கும்; கிடங்கு மேடைகளின் வன்மையான பாலியூரித்தீன் சக்கரம் 90ஐத் தாண்டும். நைலான் இந்த அளவுகோலுக்கே அடங்காத வன்மையுடையது. வீட்டின் வழவழப்பான தரையில் உருட்டிப் பார்க்கும்போது நைலான் ஒரு விரல் தள்ளினாலே ஓடிவிடும். அதில் மயங்கி அதனை வாங்குவோர் பலர். தார்ச்சாலையின் சிறு கற்கள் துருத்தி நிற்கும் பரப்பில் அது கடகடவென்று அதிர்ந்து, பீடத்து மணிகளையெல்லாம் ஒலிக்கச் செய்யும். சோதனையைச் சாலையில் செய்யவேண்டும், கூடத்தில் அன்று.

மறுபுறம், மென்மையே எல்லாம் எனக் கருதி மிக மிருதுவான திண்ம ரப்பரைத் தேர்ந்தால் வேறொரு தீங்கு. அமுங்கிய ரப்பர் விரியும்போது, அமுக்கிய விசை முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகி வீணாகும். சிறிய, அகலமான, மிருதுவான சக்கரம் சுமையின்கீழ் நசுங்கி, சாலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். அதிர்ச்சி இராது, ஆனால் ஓயாத இழுவை இருக்கும். மூன்று கிலோமீட்டருக்கு அது மெல்லக் கொல்லும். காற்றடைத்த சிறுசக்கரம், தள்ளுவண்டிகளில் காணப்படும் 20, 25 சென்டிமீட்டர் வகை, இரு தீமைக்கும் நடுவே நல்ல வழி காட்டுகிறது. டன்லப் முற்றத்தில் கண்டது அதுவே. காற்று வற்றிவிடுமோ, ஆணி குத்திவிடுமோ என்ற அச்சமே அதற்கு எதிரி. காற்றூதியை உடன்வருவோர் எவரேனும் தோளில் மாட்டிக்கொண்டால் அவ்வச்சம் தீரும்.

பாலியூரித்தீன் பற்றி ஒரு சொல். 1937இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் குழுவினர் கண்ட இப்பொருள் சிறு சக்கரங்களின் வரலாற்றில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. அமெரிக்கச் சிறுவர்கள் பலகையின் அடியில் இரும்பு அல்லது களிமண் கலவைச் சக்கரங்களைப் பொருத்திச் சறுக்கி விளையாடியபோது, கூழாங்கல் ஒன்று தடுத்தாலும் பலகை நின்று சிறுவன் பறந்துபோய் விழுவான். 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர் மென்மையான பாலியூரித்தீன் சக்கரத்தை அப்பலகைக்குக் கொண்டுவந்தார். கல் சக்கரத்தில் புதைந்தது, பலகை ஓடியது. வீட்டில் செய்த மேடைக்கு மென்மையான சிறுசக்கரம் என்னும் கருத்தின் மிகப் பெரிய வெற்றி அதுவெனலாம். ஆனால் சிங்கப்பூரின் ஈரக்காற்றில் இப்பொருளின் சில வகைகளுக்கு ஆயுள் குறைவு. நீராவி அவற்றின் பிணைப்பை மெல்ல மெல்ல அறுத்துவிடும். அலமாரியில் சில ஆண்டு உறங்கிய காலணியின் அடிப்பாகம் எடுத்த அன்றே தூளாவதைப் பலர் கண்டிருப்பர். ஆண்டுக்கொருமுறை மட்டும் வெளிவரும் காவடிச் சக்கரமும் அவ்வாறே, கண்ணுக்கு முழுமையாகத் தோன்றிச் சிலிகி சாலையில் பிளந்துவிடக்கூடும்.

மென்மையான சக்கரத்திற்கு மற்றுமொரு குறை. சுமையை ஏற்றி இரவெல்லாம் ஓரிடத்தில் நிறுத்தினால் அடிப்பக்கம் தட்டையாகி, காலையில் உருளும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'தொப், தொப்' என்று இடிக்கும். ஆகவே பீடத்தை அலங்கரிக்கும் நாள்களில் மேடையைச் செங்கல்மீதோ கட்டைமீதோ உயர்த்தி, சக்கரம் தரையைத் தொடாமல் வைப்பது நல்லது. தேருக்கு முட்டுக்கட்டை ஓட்டத்தின்போது, காவடிக்கு உறக்கத்தின்போது.

சக்கரங்களைப் பொருத்தும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. எப்பக்கமும் திரும்பும் சுழற்சக்கரங்களை நான்கு மூலையிலும் பூட்டினால் மேடை எளிதில் வளையும் என எண்ணுவர். சாலையின் நடுவுயர்ந்து இருபுறமும் சாக்கடையை நோக்கிச் சரிவதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அத்தகைய மேடை ஓயாது ஓரத்தை நோக்கி ஒதுங்கும். அதனால் ஒருபக்கத்துக் கயிறுகள் மட்டும் விறைத்து, சில கொக்கிகளே முழுச்சுமையையும் ஏற்கும். பின்னிரு சக்கரங்கள் நேரே நிலைத்தும் முன்னிரு சக்கரங்கள் சுழன்றும் இருந்தால், மேடை இழுப்பவனின் பின்னே நேராக வரும். முன்விளிம்பினின்று முதுகை நோக்கிக் கயிறு சற்றே மேல்நோக்கிச் சாய்ந்து செல்வதும் நன்மையே. விளிம்பு குறுக்கிடும்போது அது முன்சக்கரத்தைச் சிறிது தூக்கிவிடும். பின்புறத்தில் ஒரு கயிறு கட்டி, சரிவான இடங்களில் மேடை முன்னோடிக் காலில் இடிக்காதபடி உறவினர் பிடித்துவரவேண்டும். இரதக் காவடியை ஒருவன் இழுக்கிறான் என்பது உண்மை; ஒருவனே கொண்டுசெல்கிறான் என்பது உண்மையன்று.

துன்பத்தை ஏற்பதுதானே நேர்த்திக்கடன். அதனை எளிதாக்க இத்தனை ஆராய்ச்சி எதற்கு என ஒரு வினா எழலாம். இவ்வினாவில் பொருள் இல்லாமல் இல்லை. ஆயினும் பக்தன் முருகனிடம் நேர்ந்துகொண்டது கொக்கியையும் வழியையும் சுமையையும்தான், மட்டமான சக்கரத்தையன்று. காவடி எடுப்போர் பல நாள்கள் நோன்பிருந்து உடலை ஆயத்தம் செய்கின்றனர். அலகைக் கழுவித் தூய்மை செய்கின்றனர். அதே பொறுப்பு தரையைத் தொடும் பகுதிக்கும் உரியதே. அசட்டையால் வரும் துன்பத்தை நேர்த்தியின் கணக்கில் எழுதுவது முறையாகாது.

டேங்க் ரோட்டில் வழிபாடு நிறைந்து கொக்கிகள் கழற்றப்பட்டபின், மேடை ஏதேனும் ஒரு சரக்குந்தில் ஏறி வீடு திரும்புகிறது. பீடத்தைத் துணி போர்த்தி வைப்பர். அறிந்தவர் வீடுகளில் சக்கரங்களைத் தனியே கழற்றி, எலுமிச்சைத் தோலும் உடைந்த தேங்காய்ச் சிரட்டைத் துணுக்கும் தலைமுடியும் சிக்கிய அச்சினைத் துடைத்து, எண்ணெயிட்டு, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைப்பர். அடுத்த மார்கழியில் அவற்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பர். விரல் பதிந்து, பதிந்த இடம் மீண்டெழுந்தால் பூட்டுவர். எழாவிட்டால் மறுபடியும் தேக்காவின் இரும்புக் கடைக்கு நடப்பர்.